ஆகார் இரண்டாம் முறை போனபோது

பாகூர்
18.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுவேதா எழுதுகிறேன். ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோருக்கும் சுகம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? புது வீட்டில் அந்தத் தாத்தாவைத் தூக்கி உட்கார வைக்கும்போது பார்த்துத் தூக்கு. உனக்கும் முப்பத்தெட்டு ஆகிவிட்டது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். என் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. இப்போதைக்கு வேறு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அத்தையின் போனில் பேசலாம்தான், ஆனால் அவர்கள் பக்கத்திலேயே நின்று கேட்பார்கள். எழுதினால் இரண்டு பக்கம் நிம்மதியாகப் பேசலாம் இல்லையா?

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. வாசலில் போடும் தபாலைக் கோழி கொத்திக் கிழித்துவிடுகிறது. என்னோடு படித்த வெண்ணிலா இங்கே தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் கடை முகவரியை உறைக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

எழுத்து சாய்ந்திருந்தால் மன்னித்துக்கொள். குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்ததில் வலது கை சுண்டுவிரல் பிசகிவிட்டது. திர்சாவுக்கு நாலு வயது முடிந்தது. இருபது வரை எண்ணுகிறாள். பொங்கலுக்கு அத்தை எனக்குப் பச்சைப் புடவை எடுத்தார்கள். மாமா ஒரு கட்டு கரும்பு கொண்டுவந்தார்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புத் தங்கை
சுவேதா


பெயெர்செபா
10.2.2025

என் சுவேதா கண்ணுவுக்கு,

அக்கா அருள்மொழி. உன் கடிதம் மூன்று வாரம் பயணம் செய்து முந்தாநாள் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். விரலுக்குக் கட்டுப் போட்டாயா? சுண்டுவிரல்தானே என்று விடாதே.

பைபிளில் பெயெர்செபா என்று படிப்போமே, அந்த ஊரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் இந்த வீடு. சுற்றிலும் மண்ணும் கல்லும்தான். தாத்தா பெயர் எலியாகு. கேரளத்து யூதர். பன்னிரண்டு வயதில் கப்பலேறி வந்தவர். வாதம் வந்தபின் எபிரேயம் மறந்துபோய் மலையாளம் மட்டும் நிற்கிறது. கேரளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது நான் மலையாளம் கற்றுக்கொண்டேனே, அதனால்தான் ஏஜென்சியில் என்னை அனுப்பினார்கள். என்னை "மோளே" என்று கூப்பிடுகிறார்.

அவர் மகள் யாயேல். ஐம்பத்தொரு வயது, பள்ளிக்கூட டீச்சர். வீட்டில் கேட்டு வளர்ந்த மலையாளத்தையும் எபிரேயத்தையும் கலந்து என்னோடு பேசுவாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். தோரா படிக்க. நம் பைபிளின் முதல் ஐந்து ஆகமம்தான் அவர்களுக்குத் தோரா. நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வேன்.

போன வாரம் யாக்கோபின் மகள் தீனாளின் கதை. நமக்குத் தெரிந்ததுதான். ஒருவன் அவளைக் கெடுத்துவிடுவான், அண்ணன்மார் பழி வாங்குவார்கள். யாயேல் ஒரு கேள்வி கேட்டாள். "இந்த அதிகாரத்துல அப்பா பேசறார், அண்ணங்க பேசறாங்க, கெடுத்தவன் பேசறான், அவன் அப்பன் பேசறான். தீனாள் எத்தனை வார்த்தை பேசறா?" எல்லோரும் விரல் வைத்துத் தேடினார்கள். ஒரு வார்த்தைகூட இல்லை, சுவேதா. எத்தனை தடவை இதைப் படித்திருக்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை.

யாயேலின் கதையும் ஒன்று இருக்கிறது. பதினோரு வருடத்துக்கு முன் புருஷன் விட்டுவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டான். அவர்கள் மதச் சட்டப்படி தள்ளுதற்சீட்டை, அதாவது விவாகரத்துப் பத்திரத்தை, புருஷன்தான் மனமுவந்து கொடுக்க வேண்டும். அவன் தர மாட்டேன் என்கிறான். இவள் யாருக்கும் மனைவி இல்லை, ஆனாலும் அவன் மனைவி. அப்படிப்பட்ட பெண்ணுக்கு அகுனா என்று பெயராம். நங்கூரம் போட்டுக் கட்டி வைத்தவள் என்று அர்த்தம்.

இங்கே எல்லாம் அமைதி. செய்தியில் காட்டுவதை நம்பிப் பயப்படாதே. திர்சாவுக்கு முத்தம்.

அக்கா


பாகூர்
16.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் தாத்தாவும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கும் சுகம். விரல் பரவாயில்லை. கொஞ்சம் வளைந்தே கூடிவிட்டது. போன வாரம் முறுக்குக் கடிக்கும்போது முன்பல் ஒன்று போய்விட்டது. வயசாகிறது எனக்கும்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு வாரம் வில்லியனூர் போய் அம்மாவோடு இருந்தேன். உடம்பு கொஞ்சம் முடியாமல் இருந்தது. அண்ணனும் அண்ணியும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். பாஸ்டர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினார். ஆகாரைப் பற்றிப் பேசினார். சாராளின் வேலைக்காரி ஆகார் கொடுமை தாங்காமல் ஓடிப்போனபோது தேவதூதன் வழிமறித்து, திரும்பிப் போய் அடங்கியிரு என்றாரே, அந்தப் பகுதி. நல்ல செய்திதான். மறுநாளே அண்ணன் பைக்கில் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டான். அம்மா வாசல் வரை வந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அந்த யாயேல் அம்மாவைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். சீட்டைப் பொம்பளை எழுதிக் கொடுக்க முடியாதா? சும்மாதான் கேட்கிறேன்.

வெண்ணிலா வீட்டுக்காரரும் இங்கே இருப்பவரும் ஒரே கம்பெனியில் வேலை. அதனால் அவள் போனுக்குக் கூப்பிடாதே. கடிதமே போதும்.

சுவேதா


பெயெர்செபா
8.4.2025

சுவேதா,

நீ நலமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

உன் இரண்டு கடிதத்தையும் யாயேலுக்கு வாய்மொழியாகச் சொன்னேன். உன் கேள்விக்குப் பதில் கேட்பதற்காகத்தான். முடியாது என்றாள், பெண் கொடுக்க முடியாது. அப்புறம் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "இன்னொரு தடவை சொல்லு, ரெண்டையும்" என்றாள். சொன்னேன்.

"அருள், உன் தங்கச்சி கடிதத்துல மாமியார் இருக்காங்க, மாமனார் இருக்கார், கோழி இருக்கு, தையல்காரி இருக்கா. புருஷன் எங்கே? அவன் பேரே வரலையே. ரெண்டாவது கடிதத்துல 'இங்கே இருப்பவர்'னு ஒரே ஒரு தடவை. விரல், பல், உடம்பு முடியலைன்னு ஒரு வாரம். ரெண்டு மாசத்துல ஒருத்தி இத்தனை தடவை விழுவாளா?"

நீ எழுதியதை நான் படித்தேன். எழுதாததை அவள் படித்துவிட்டாள். இருபது வருடமாகத் தோராவில் பேசாத பெண்களைத் தேடித் தேடிப் படித்தவள்.

பாக்யராஜ் உன்னை அடிக்கிறானா? ஆமாம் அல்லது இல்லை, ஒரு வார்த்தை எழுது.

இரண்டு வருடத்துக்கு முன் ராத்திரி டியூட்டியில் இருந்தபோது நீ கூப்பிட்டாய். "அக்கா, அவரு கை நீட்றாரு" என்றாய். "எல்லா வூட்லயும் இருக்கறதுதான்டி, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. சரியாகிவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அருள்மொழி


27.4.2025

ஆமாம் அக்கா.

போன் தண்ணீரில் விழவில்லை. சுவரில் அடித்து உடைத்தார். உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன், வேறு ஆளோடு என்றார். விரலை அவர்தான் திருகினார். பல்லும் அப்படித்தான். பிப்ரவரியில் எனக்கு மூன்று மாதம். யாருக்கும் சொல்லவில்லை, உனக்குக்கூட. வயிற்றில் மிதித்தார். அதற்குப் பிறகுதான் வில்லியனூர் போனேன். அம்மாவுக்குத் தெரியும். என் பாவாடையை அவள்தான் துவைத்தாள்.

சத்தம் வந்தால் அத்தை டிவியைக் கூட்டி வைப்பார்கள். மாமா தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். திர்சா கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு எண்ணுவாள். இருபதுக்கு மேல் தெரியாது, அதனால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். எனக்கு அடி விழும்போது காதில் அதுதான் கேட்கிறது அக்கா. எத்தனை இருபது என்று என்னையறியாமல் நானும் கணக்கு வைக்கிறேன்.

அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். "வெளிய தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம். அவன் நல்லாத்தான் சம்பாதிக்கறான், இன்னா கொறச்சல் உனக்கு?" என்றான். பாஸ்டர் சொன்னதைத்தான் முன்பே எழுதிவிட்டேன். ஆகாரே திரும்பிப் போனாள், நான் யார்?

போன சனிக்கிழமை திர்சாவைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரை வரை போனேன். எதற்குப் போனேன் என்று எழுத மாட்டேன். "அம்மா, இங்க கரண்ட் போகுமா?" என்று கேட்டாள். இங்கேயே தங்கப்போகிறோம் என்று நினைத்துவிட்டாள், இருட்டென்றால் அவளுக்குப் பயம். திரும்பி வந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. அந்த அம்மாவுக்கு வேண்டுமானால் காட்டு.

சுவேதா


பெயெர்செபா
18.5.2025

என் தங்கமே,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு சமையலறையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாயேல் வந்து கையிலிருந்து வாங்கினாள். தமிழ் தெரியாது அவளுக்கு. ஆனாலும் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்துச் சொன்னேன். ஏரிக்கரை வந்ததும் என் வாயைப் பொத்திவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாடத்தை மாற்றினாள். ஆகாரை எடுத்தாள். உனக்காகத்தான். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மெதுவாகப் படி.

"உங்க பாஸ்டர் பதினாறாம் அதிகாரத்தோட நிறுத்திட்டார். அங்க தூதன் திரும்பிப் போன்னு சொன்னது நிஜம். அவ போனாள். போய் என்ன ஆச்சு? இருபத்தோராம் அதிகாரத்துல மறுபடியும் வெளிய வர்றா, கையில பிள்ளையோட. ஒரு துருத்தித் தண்ணி, கொஞ்சம் ரொட்டி. இதே பெயெர்செபா வனாந்தரத்துலதான் அலைஞ்சா. ரெண்டாவது தடவை தூதன் பேசறப்போ திரும்பிப் போன்னு சொல்லவே இல்ல. பயப்படாதேன்னான், எழுந்து பிள்ளையைத் தூக்குன்னான். அவ கண்ணுக்கு ஒரு கிணறு தெரிஞ்சது. அப்புறம் அவ அந்த வீட்டு வாசல மிதிக்கல."

இன்னொன்றும் சொன்னாள். தோராவில் கடவுளுக்கு முதலில் பெயர் வைத்தது ஆகார்தானாம். ஆபிரகாம் இல்லை, மோசே இல்லை, ஓடிவந்த ஒரு வேலைக்காரி. என்னைப் பார்க்கிறவர் என்று பெயர் வைத்தாள். அங்கிருந்த மலையாளத்துக்காரப் பெண்ணொருத்தி அதைக் கேட்டு அழுதுவிட்டாள். எல்லோர் வீட்டிலும் ஏதோ இருக்கிறது.

இப்போது விஷயம். எனக்குப் பதில் ஒரு ஆள் இருபது நாளைக்குக் கிடைத்திருக்கிறாள். ஜூன் 19 காலையில் சென்னையில் இறங்குகிறேன். மதியம் இரண்டு மணிக்கு வில்லியனூர் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். திர்சாவுக்கு ஊசி போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வா. ரேஷன் கார்டு, ஆதார் மட்டும் எடுத்துக்கொள். வேறு துணிமணி வேண்டாம், சந்தேகம் வரும். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்.

ஒரு மாதம் பொறுத்துக்கொள். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அக்கா


பாகூர்
27.6.2025

அக்கா,

நீ உயிரோடு இருக்கிறாயா? டிவியில் உன் ஊரைக் காட்டினார்கள். கட்டடம் இடிந்து கிடந்தது. இந்தக் கடிதம் யாருக்குப் போகிறது என்று தெரியாமலேயே எழுதுகிறேன்.

19ஆம் தேதி நான் வந்தேன். விமானமெல்லாம் நின்றுவிட்டது என்று செய்தியில் சொன்னார்களாம். எனக்கு யார் சொல்வார்கள்? அந்த வாரம் முழுக்க டிவியை அவர் போட விடவில்லை. ஒன்றரை மணிக்கே வில்லியனூரில் இறங்கிவிட்டேன். ஒவ்வொரு பாண்டிச்சேரி பஸ்ஸாகப் பார்த்தேன். திர்சா நீ வருவாய் என்று பெஞ்சு மேல் ஏறி நின்றாள். நாலு மணிக்கு அவளுக்குப் பசி. பன் வாங்கிக் கொடுத்தேன். ஐந்தே காலுக்கு அண்ணன் பைக்கில் வந்து நின்றான்.

"ஏறு" என்றான். வீட்டுக்கு என்று நினைத்தேன். வில்லியனூர் தாண்டினதும்தான் பாகூருக்குப் போகிறோம் என்று புரிந்தது. குதித்திருப்பேன், திர்சா நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு நடந்ததை எழுத மாட்டேன். ரேஷன் கார்டும் ஆதாரும் இப்போது அவரிடம்.

நான் அங்கே நிற்பது அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது அக்கா? உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்? எட்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சுவேதா


பெயெர்செபா
14.7.2025

சுவேதா,

உயிரோடு இருக்கிறேன். தாத்தாவும் யாயேலும் நலம்.

இங்கே அமைதி என்று எழுதினதெல்லாம் பொய். சைரன் அடிக்கும்போதெல்லாம் தாத்தாவைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு பாதுகாப்பு அறைக்கு ஓடுவோம். உன்னைப் பயமுறுத்தக் கூடாது என்று மறைத்தேன். நீயும் அதையேதான் செய்தாய்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அண்ணனுக்குச் சொன்னது நான்.

13ஆம் தேதி சண்டை தொடங்கி விமான நிலையத்தை மூடினார்கள். இன்று திறப்பார்கள், நாளை திறப்பார்கள் என்று இருந்தேன். 19ஆம் தேதி வந்துவிட்டது. உனக்குச் சொல்ல எனக்கு வழியே இல்லை. நீ குழந்தையோடு அங்கே நின்றுகொண்டிருப்பாய், பொழுது சாய்ந்துவிடும் என்று நினைத்தேன். சைரன் வேறு. பயத்தில் அண்ணனைக் கூப்பிட்டேன். "தமிழ்க்குமரா, சுவேதா பஸ் ஸ்டாண்டுல நிக்கறா, வூட்டுக்குக் கூட்டிட்டுப் போ, நான் வர்ற வரைக்கும் வெச்சிருடா, உன் கால்ல விழறேன்" என்றேன். "சரிக்கா, நான் பாத்துக்கறேன்" என்றான். அவ்வளவு மரியாதையாகச் சொன்னான். கர்த்தருக்கு நன்றி என்று முழங்கால் போட்டேன்.

என் நம்பிக்கையால் உன்னை இரண்டாவது தடவையும் நான்தான் அனுப்பி வைத்தேன். மன்னிப்பு கேட்க மாட்டேன். நீ மன்னித்துவிடுவாய், அதுதான் பயம்.

இனி யாரையும் நம்பிக் காத்திருக்காதே, என்னையும் சேர்த்து. என் மாற்று ஆள் சண்டைக்குப் பயந்து அவள் ஊருக்கே போய்விட்டாள். நான் எப்போது வர முடியும் என்று தெரியாது. எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதில் வெளியே போ. துணி வேண்டாம், கார்டு வேண்டாம், திர்சாவை மட்டும் தூக்கிக்கொள்.

அருள்மொழி


பாகூர்
12.8.2025

மதிப்பிற்குரிய அருள்மொழி அக்காவுக்கு,

தையல் கடை வெண்ணிலா எழுதுவது. வணக்கம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் அதிகம் எழுதிப் பழக்கமில்லாதவள், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைசிக் கடிதம் 4ஆம் தேதி வந்தது. மறுநாள் சுவேதா ரவிக்கை அளவு கொடுக்கிற சாக்கில் வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கடையிலேயே நின்று படித்தாள். அழவில்லை. மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள். "நீயே வெச்சிக்கோ, வூட்ல மாட்டிக்கும்" என்றாள்.

அன்று சாயங்காலம் அவளுக்கு மண்டையில் அடிபட்டு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாடிப்படியில் விழுந்தாள் என்று சொன்னார்கள். அவர்கள் வீட்டில் மாடியே இல்லை. மூன்றாம் நாள் காலையில் வார்டில் படுக்கை காலி. குழந்தையையும் காணோம். அவள் மாமியார் கலியம்மா அத்தைதான் குழந்தையை அன்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள்.

அவள் வீட்டுக்காரர் பாக்யராஜ் போலீஸுக்குப் போய், பொண்டாட்டி யாரோடோ ஓடிவிட்டாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள். பாகூர் ஏரியில் ஆள் விட்டுத் தேடினார்கள். நானும் கரையில் போய் நின்றேன். ஒன்றும் கிடைக்கவில்லை. சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

என் கடைக்கும் வந்து துணியெல்லாம் கலைத்துப் போட்டார். கடிதம் எதுவும் கிடைக்கவில்லை, தையல் மிஷின் பெட்டிக்குள் வைத்திருந்தேன். நான் முன்னாலேயே வாய் திறந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்குப் பயந்துதான் இருந்துவிட்டேன்.

வெண்ணிலா


பெயெர்செபா
31.8.2025

அன்புத் தங்கை வெண்ணிலாவுக்கு,

நீயும் உன் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். நீ உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதே. உன் கை வழியாகத்தான் இத்தனை நாள் என் தங்கை என்னிடம் பேசினாள்.

சுவேதாவின் அண்ணன் ஆகஸ்ட் 8ஆம் தேதியே போன் செய்தான். "நீதான் அவளை எங்கயோ ஒளிச்சி வெச்சிருக்க" என்று கத்தினான். அம்மாவிடம் கொடு என்றேன். அம்மா மூச்சு விடுவது கேட்டது. பேசவில்லை. அன்றிலிருந்து நான் சாப்பிடுவது தாத்தாவுக்கு ஊட்டும்போது மட்டும்தான். அவர் வாயைத் திறக்காமல் என் வாயைக் காட்டுகிறார்.

ஏஜென்சியில், மாற்று ஆள் இல்லாமல் போனால் விசா போய்விடும் என்கிறார்கள். போகட்டும். அக்டோபர் 12ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். யாயேலிடம் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன். அவளே சொன்னாள்: "போ. அப்பாவை நான் பார்த்துக்கறேன்."

அவளுக்கும் போன வாரம் மதக் கோர்ட்டில் நாள். புருஷன் இந்தத் தடவையும் சீட்டுக் கொடுக்கவில்லை. பன்னிரண்டாவது வருடம் ஆரம்பித்துவிட்டது. "இந்தச் சட்டத்தையே விட்டுடேன், யாயேல்" என்றேன் ஆத்திரத்தில். அவள் எனக்குக் கோபமாகப் பதில் சொன்னாள். "தோரா எனக்கும்தான் கொடுத்தது. நான் விட்டுட்டுப் போனா அது அவங்களுக்கு மட்டும் சொந்தமாயிடும். நான் சண்டை போட்டுக்கிட்டே உள்ள இருப்பேன். உன் தங்கச்சி வெளிய போகணும். ரெண்டும் ஒண்ணுதான்." எனக்கு ஒன்று என்று தோன்றவில்லை. ஆனால் அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

சுவேதா உன்னைத் தேடி வந்தால் இந்தத் தேதியைச் சொல். என் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். வராவிட்டாலும் எனக்கு எழுது, எந்தச் செய்தியாக இருந்தாலும்.

அருள்மொழி


பிள்ளைச்சாவடி
21.9.2025

அக்கா,

வெண்ணிலாவிடம் உன் எண்ணும் நீ வரும் தேதியும் வாங்கி நேற்று கூப்பிட்டுவிட்டு உடனே வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உயிரோடு இருக்கிறேன் என்பதை மட்டும்தான் வாயால் சொல்ல முடிந்தது. மீதியை எழுதத்தான் வரும் எனக்கு.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையில் காசம்மாள் என்று ஒருத்தி, மகளின் ஆபரேஷனுக்குத் துணையாக இருந்தாள். மீன் விற்கிறவள். "இன்னாம்மா, வுழுந்தியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நானும் பத்து வருசம் வுழுந்துகினேதான் இருந்தேன். இப்ப வுழறதில்ல. எங்க வூட்டுக்கு வர்றியா?" என்றாள். யார், என்ன என்று எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அத்தை கழிப்பறைக்குப் போன நேரம் திர்சாவைத் தூக்கிக்கொண்டு அவளோடு ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

அக்கா, ஆகாருக்குக் கிணறு தெரிந்தது என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரம் இந்த வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கடல் சத்தத்துக்கே நடுங்கினேன். எந்தத் தூதனும் பயப்படாதே என்று சொல்லவில்லை. பயந்துகொண்டேதான் இருந்தேன், இப்போதும்தான். யாயேல் அம்மாவிடம் இதையும் சொல்லு. அவர்கள் புத்தகத்தில் இது எழுதாமல் இருந்தால் எழுதிக்கொள்ளட்டும்.

தலைத் தையல் பிரித்ததும் காசம்மாள்தான் மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். போன புதன்கிழமை எல்லோரையும் அழைத்திருந்தார்கள். அவர், அத்தை, அண்ணன், பாஸ்டர். அம்மாவும் வந்திருந்தாள். பாஸ்டர் பைபிளைத் திறக்காமலே ஆகாரை ஆரம்பித்தார். "பாஸ்டர், இருபத்தோராம் அதிகாரத்தப் படிங்க" என்றேன். என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை. "அவ ரெண்டாவது தடவை திரும்பிப் போகல. போன்னு யாரும் சொல்லவும் இல்ல." அவர் பக்கத்தைப் புரட்டினார். வாய்க்குள்ளே படித்தார். அப்புறம் மூடிவிட்டார்.

அண்ணன் எழுந்து, "மேடம், எங்க வூட்டுப் பொண்ணு, நாங்க பேசி அனுப்பி வெக்கறோம்" என்றான். அப்போதுதான் அம்மா பேசினாள். "நீ உக்காரு" என்றாள் அவனை. அப்புறம் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "எம் பொண்ணு ரத்தத்த நான் கழுவியிருக்கேன் மேடம். அது கரு கலைஞ்ச ரத்தம். தெரிஞ்சேதான் அனுப்பி வெச்சேன். எழுதிக்குங்க, நான் கைநாட்டு வெக்கறேன்" என்றாள். அத்தை ஏதோ கத்தினார்கள். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மை தொட்டு அழுத்தி வைத்தாள், இரண்டு தாளில்.

வழக்குப் பதிவாகிவிட்டது. அவரை உள்ளே வைத்திருக்கிறார்கள், ஒரு வாரத்தில் வெளியே வந்துவிடுவார். ஜெயிப்பேனா என்று தெரியாது. அம்மா அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை, இங்கேதான் இருக்கிறாள். இன்னும் அதிகமாகப் பேசுவதில்லை. நான் மீன் கம்பெனியில் இறால் உரிக்கப் போகிறேன். வளைந்த விரல்தான் கொஞ்சம் இடைஞ்சல்.

உன்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் நின்ற அந்த நாலு மணி நேரம் இன்னும் போகவில்லை. அது இருக்கட்டும். நீ வா.

12ஆம் தேதி கிளம்பி வந்தால் வில்லியனூர் போகாதே. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஏறி பிள்ளைச்சாவடியில் இறங்கு. கடலைப் பார்த்து நடந்தால் மாதா சிலை வைத்த கெபிக்கு அப்புறம் நீலக் கதவு. கதவைத் தட்டாதே அக்கா. யார் தட்டினாலும் திர்சா கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். வெளியே நின்று எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. அவள் பெயரை முதலில் சொல்.

சுவேதா